சிங்கப்பூரில் ஒரு ராத்திரி சொகுசாக இறங்கிப் போவது எப்படி?

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர் வழியாக சிட்னி, டோக்கியோ பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் சாங்கி விமான நிலையத்தில் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறார்கள். அதே பயணத்தில் ஒரு ராத்திரி வெளியே வந்து, நல்ல ஹோட்டலில் தங்கிவிட்டுப் போகலாம். இதைப் பலருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைக் கேட்டால், ஒரு நாள் தங்கலில் பத்து இடம் பார்ப்பது சொகுசு இல்லை. ராத்திரி விமானத்தில் வந்து இறங்கியதும் குளித்துப் படுக்க அறை தயாராக இருக்க வேண்டும். மறுநாள் விமானத்துக்குக் கிளம்பும் வரை அது நம் கையில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

படி 1: டிக்கெட்

சாதாரணமாகத் தேடினால் இணையதளம் மிகக் குறுகிய இடைவெளியைத்தான் காட்டும். ‘மல்டி-சிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரியில் சென்னை – சிங்கப்பூர், அடுத்த வரியில் மறுநாள் தேதி போட்டு சிங்கப்பூர் – சிட்னி. இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் சில சமயம் விலை குறையும். ஆனால் முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இடைவெளி 24 மணி நேரத்துக்குள் இருந்தால் அது டிரான்ஸிட். பெட்டி பெரும்பாலும் கடைசி ஊருக்கே போய்விடும், எனவே மாற்றுடையும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் பெட்டி சிங்கப்பூரிலேயே உங்கள் கைக்கு வரும்; சாங்கியின் புறப்பாட்டுக் கட்டணமும் டிக்கெட்டில் சேரும். எப்படியானாலும் செக்-இன் கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் எந்த ஊர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

படி 2: விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். ஆனால் போகும் வழியில் இறங்குகிறவர்களுக்கு 96 மணி நேர விசா இல்லாத டிரான்ஸிட் வசதி ஒன்று உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் வெளியேறும் உறுதியான டிக்கெட்டும் வேண்டும். பயணம் மூன்றாவது நாட்டுக்குப் போவதாகவோ அங்கிருந்து திரும்புவதாகவோ இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரை மட்டும் சுற்றிவிட்டு சென்னைக்கே திரும்புகிறவர்களுக்கு இது பொருந்தாது.

திரும்பி வரும் வழியில் இறங்குவதற்கு நிபந்தனைகள் இன்னும் இறுக்கம். குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளத்தில் அந்தப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். அனுமதிப்பது அதிகாரியின் முடிவு என்பதால், மாற்ற முடியாத விலையுயர்ந்த முன்பதிவு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே முறையான விசா எடுத்துவிடுவதுதான் நிம்மதி.

அப்புறம் எஸ்.ஜி. அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் நிரப்பும் வருகைப் படிவம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

படி 3: அறையும் கடிகாரமும்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான்.

சென்னையிலிருந்து கிளம்பும் ராத்திரி விமானங்கள் சிங்கப்பூர் நேரப்படி காலையில் போய்ச் சேரும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். பெரிய ஹோட்டல்களில் அறை கிடைப்பது பிற்பகல் 2, 3 மணிக்குத்தான். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு “அறை தயாரானதும் அழைக்கிறோம்” என்று அன்பாகச் சொல்வார்கள். தூக்கம் கெட்ட உடம்போடு லாபி சோபாவில் உட்கார்ந்திருந்தால் அந்த ஹோட்டலுக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

வழி இது: முந்தைய ராத்திரிக்கும் சேர்த்து முன்பதிவு செய்யுங்கள். நீங்கள் 15-ஆம் தேதி காலை 7 மணிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முன்பதிவு 14-ஆம் தேதியிலிருந்து இருக்க வேண்டும். ஒரு ராத்திரி வாடகை கூடுதல்தான். ஆனால் காலை எட்டரைக்கு நேராக அறைக்குப் போகலாம். காலை உணவு சேர்ந்த கட்டணம் என்றால் அன்றைய காலை உணவும் உங்களுடையது. என் கணக்கில், இரண்டு மடங்கு ஆடம்பரமான ஹோட்டலில் ஒரு ராத்திரி எடுப்பதைவிட, ஒரு படி குறைந்த ஹோட்டலில் இப்படி இரண்டு ராத்திரி எடுப்பது மேல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 14-ஆம் தேதி ராத்திரி நீங்கள் வராவிட்டால் ஹோட்டலின் கணினிக்கு நீங்கள் வராத விருந்தாளி. நள்ளிரவுக் கணக்கு முடிக்கும்போது ‘நோ-ஷோ’ என்று குறித்து மொத்த முன்பதிவையும் ரத்து செய்துவிட வாய்ப்பு உண்டு. எனவே முன்பதிவு செய்ததும் ஹோட்டலுக்கே மின்னஞ்சல் எழுதுங்கள்: “14-ஆம் தேதி இரவுக்கு வாடகை கொடுத்திருக்கிறேன், 15-ஆம் தேதி காலை இந்த விமானத்தில் வருகிறேன், அறையை எனக்காக வைத்திருங்கள்.” விமான எண்ணையும் எழுதுங்கள். அவர்கள் பதில் வரும் வரை விடாதீர்கள். இடைத்தரகர் தளத்தில் ‘சிறப்புக் கோரிக்கை’ பெட்டியில் எழுதியதை மட்டும் நம்பக் கூடாது. இதற்காகவே நான் ஹோட்டலின் சொந்தத் தளத்தில்தான் முன்பதிவு செய்வேன்.

அதே மின்னஞ்சலிலேயே தாமதமாக அறையைக் காலி செய்ய முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். அடுத்த விமானம் இரவு 9 மணிக்கு என்றால், மாலை 4 வரை அறை இருப்பதற்கும் 11 மணிக்கே வெளியே வருவதற்கும் உள்ள வித்தியாசம் சிங்கப்பூர் வெயிலில் தெரியும்.

எந்த ஹோட்டல்? ஒரு ராத்திரிக்கு என் தேர்வு ஃபுல்லர்ட்டன். 1928-இல் கட்டிய கட்டடம், பொதுத் தபால் நிலையம் இருந்த இடம். வாசலைத் தாண்டினால் ஆறும் கேவனா பாலமும். மெர்லயன் சிலை நடக்கும் தூரம். 1887-இல் தொடங்கிய ராஃபிள்ஸ் இன்னும் அமைதி, இன்னும் விலை. அறைகள் எல்லாமே சூட். மெரினா பே சாண்ட்ஸின் 57-ஆவது மாடி நீச்சல் குளம்தான் ஆசை என்றால் அங்கேயே தங்குங்கள். அந்தக் குளம் தங்குபவர்களுக்கு மட்டும். ஸ்கைபார்க் பார்வை மேடைக்கு டிக்கெட் எடுத்தால் குளத்தில் இறங்க விடமாட்டார்கள்.

படி 4: ++ என்ற குறி

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. 400++ டாலர் என்றால் கட்டப்போவது 479.60. உணவகங்களிலும் இதே கணக்கு. சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருப்பதால் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

ஹோட்டலில் முன்பணப் பிடித்தத்துக்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் அந்தத் தொகை கணக்கில் விடுபட நாளாகும். கார்டு இயந்திரம் ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று கேட்டால் டாலரைத் தொடுங்கள்.

படி 5: பகல், மாலை

தூங்கி எழுந்து மதியத்துக்கு மேல் வெளியே வாருங்கள். ஃபுல்லர்ட்டனிலிருந்து பாலத்தைக் கடந்தால் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். 1998-இல் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சீனப் பீங்கான்கள் அங்கே இருக்கின்றன. குளிரூட்டிய அறைகளில் ஒன்றரை மணி நேரம் இனிமையாகப் போகும்.

மாலையில் கரையோரத் தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). மேகக் காட்டுக் கூடத்துக்குள் 35 மீட்டர் அருவி விழுகிறது. வெளியே மர வடிவக் கோபுரங்களான சூப்பர்ட்ரீகளின் ஒளி, இசைக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும், கட்டணம் கிடையாது. தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறவர்கள் செய்வதுதான் சரி.

இரவு உணவுக்குச் செலவு செய்யத் தயார் என்றால் தேவர் உணவகத்தை முயலுங்கள். தென்னிந்தியச் சுவையை நவீனமாக எடுத்துப் போகும் இடம். 2022-இல் மிஷலின் கையேட்டில் இரண்டு நட்சத்திரம் பெற்றது. நம் மசாலாக்களுக்கு அந்த மரியாதை கிடைப்பது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. டிக்கெட் எடுத்த வாரத்திலேயே மேசையைப் பிடித்துவிடுங்கள்.

படி 6: கிளம்புதல்

நகரத்திலிருந்து சாங்கிக்கு 20 கிலோமீட்டர் அளவுதான். நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் மீட்டர் டாக்ஸிக்கு 50 சதவீதம் கூடுதல். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் போகும்போது பாருங்கள், வரும்போது வேண்டாம். அது குடிநுழைவுக்கு வெளியே இருப்பதால் சோதனை முடிந்து உள்ளே போய்விட்டால் பார்க்க முடியாது. ஜுவலிலேயே சில விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டிய செக்-இன் உண்டு. பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசி நடக்கலாம்.

பின்சேர்க்கை

விசா கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். குடிநுழைவைத் தாண்டாமலே தங்க, டிரான்ஸிட் பகுதிக்குள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. முதல் முனையத்து ஏரோடெலில் திறந்தவெளி நீச்சல் குளமே உண்டு. மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டமும் டிரான்ஸிட் பகுதிக்குள்தான். ஆனால் முன்பதிவு செய்யும்போது அந்த ஹோட்டல் டிரான்ஸிட் பகுதிக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மூன்றாம் முனையத்தை ஒட்டிய கிரவுன் பிளாசாவும் ஜுவலில் உள்ள யோட்டல்ஏரும் பெயரளவில் விமான நிலைய ஹோட்டல்கள். இரண்டுக்கும் குடிநுழைவைத் தாண்டித்தான் போக வேண்டும்.