லட்ச ரூபாய்க்கு மேல் டிவி வாங்குகிறீர்களா? முதலில் மாடல் எண்ணைப் படியுங்கள்

கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் பத்து டிவியைப் பார்த்து எது நல்லது என்று முடிவு செய்யவே முடியாது. எல்லாவற்றிலும் டெமோ வீடியோ ஓடும், பிரகாசம் உச்சத்தில் இருக்கும், எதன் பக்கம் திரும்பினாலும் அதுதான் அழகாகத் தெரியும். அதனால் கடைக்குப் போவதற்கு முந்தைய நாளே வேலையைத் தொடங்கிவிடுங்கள், அதுவும் மாடல் எண்ணில் இருந்து.

எல்ஜி ஓஎல்இடியில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) எழுத்து எந்த வரிசை என்பதைச் சொல்லும், எண் எந்த வருடம் என்பதைச் சொல்லும். பி, சி, ஜி என்று போகப் போக விலையும் தரமும் ஏறும். 3 என்றால் 2023, 4 என்றால் 2024, 5 என்றால் 2025. சாம்சங்கில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் வருடம்: எஸ்95பி 2022, எஸ்95சி 2023, எஸ்95டி 2024, அப்புறம் இ-யைத் தாண்டிக் குதித்து எஸ்95எஃப் 2025. சோனியில் ஏ80எல், ஏ95எல் என்று எல் போட்டு வந்தவை 2023; 2024-ல் பிராவியா 7, 8, 9 என்று பெயர் மாறியது. இங்கே கவனம் வேண்டும். 8 என்பது ஓஎல்இடி, 7-ம் 9-ம் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் எரியும் மினி எல்இடி, ஆகவே எண்ணை மட்டும் வைத்து எது மேல் எது கீழ் என்று பார்க்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், போன வருடத்து மேல் வரிசை பல சமயம் இந்த வருடத்து நடு வரிசையை விட நல்ல டிவி. ஜி3-யை சி4-உடன் வைத்துப் பாருங்கள். ஜி3-ல் திரைக்குள் நுண்ணிய லென்ஸ் அடுக்கு ஒன்று இருக்கிறது, அதனால் சி4-ஐ விட நன்றாகவே பிரகாசம் தரும். சி4 அதைவிடப் புதிது, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது) வரை போகும். படம் பார்ப்பவருக்கு முதலாவது, கம்ப்யூட்டரை இணைத்து கேம் ஆடுபவருக்கு இரண்டாவது. அதே ஜி3-ல் 83 அங்குலம் எடுத்தால் அந்த லென்ஸ் அடுக்கு கிடையாது! அளவு மாறினால் உள்ளே இருக்கும் பேனலும், அதாவது திரையும், மாறலாம் என்பதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. சாம்சங் எஸ்90டி-யிலும் இதே கதை, அளவையும் நாட்டையும் பொறுத்து சிலவற்றில் கியூடி ஓஎல்இடி (நிறத்துக்கு குவாண்டம் டாட் அடுக்கு சேர்த்த ஓஎல்இடி), சிலவற்றில் வழக்கமான ஓஎல்இடி. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அதே அளவின் முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், வரிசையின் பெயரைப் போட்டு அல்ல.

புதியது என்றால் எல்லா வசதியும் கூடித்தான் இருக்கும் என்பதும் இல்லை. பென் டிரைவிலோ புளூ-ரேயிலோ படம் பார்ப்பவர்களுக்கு டிடிஎஸ் ஒலி முக்கியம். எல்ஜியில் சி2-ல் அது இல்லை, சி3, சி4-ல் வந்தது, சி5-ல் மறுபடி எடுத்துவிட்டார்கள்.

சரி, பேனலுக்கு வருவோம். கியூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து ஓஎல்இடி என்று நினைத்து வாங்கியவர்கள் என் சொந்தத்திலேயே இரண்டு பேர். கியூஎல்இடி என்பது பின்னால் விளக்கு எரியும் எல்சிடிதான். மினி எல்இடியும் எல்சிடிதான், ஆனால் அந்த விளக்குகள் மிகச் சிறியவை, பல மண்டலங்களாகப் பிரிந்து தனித்தனியாக மங்கும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே முழுதாக அணையும், அதனால்தான் இரவுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. பாயிலும் சோபாவிலும் ஓரத்து நாற்காலியிலுமாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் ஓஎல்இடிதான் வேண்டும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பெரும்பாலான மினி எல்இடிகளில் நிறம் வெளுத்துவிடும். ஆனால் எதிரே பெரிய ஜன்னல், பகல் முழுக்க கிரிக்கெட் என்றால் மினி எல்இடியின் பிரகாசத்துக்கு ஈடு கிடையாது.

டியூப் லைட்டை அணைக்காமலே மாலையில் டிவி பார்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கியூடி ஓஎல்இடியின் நிறங்கள் அபாரம், இருட்டறையில் எனக்குப் பிடித்ததும் அதுதான், ஆனால் அறையில் வெளிச்சம் விழுந்தால் அதன் கறுப்பு லேசாகச் சாம்பல், ஊதா கலந்த மாதிரி ஆகிவிடும். வழக்கமான ஓஎல்இடியில் கறுப்பு அப்படியே நிற்கும்.

அடுத்தது எச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் கூடுதல் துல்லியமாகத் தெரியும் படம். அதில் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்று இரண்டு வகை. 2025 வரை வந்த எந்த சாம்சங் டிவியிலும் டால்பி விஷன் இல்லை, எச்டிஆர்10 பிளஸ் உண்டு. எல்ஜி, சோனியில் நேர் எதிர். டிசிஎல், ஹைசென்ஸ் மேல் வரிசைகளில் இரண்டும் கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸில் அதிகம் பார்ப்பவராக இருந்தால் நான் டால்பி விஷன் பக்கம்தான் சாய்வேன்.

பின்னால் இருக்கும் சாக்கெட்டுகளையும் எண்ணுங்கள். எல்ஜி சி வரிசையில் நான்குமே எச்டிஎம்ஐ 2.1 (4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் வாங்கும் சாக்கெட்). சோனி ஏ95எல்-ல் இரண்டு மட்டும், அதில் ஒன்றில்தான் சவுண்ட்பாரை மாட்ட வேண்டும். பிளேஸ்டேஷன் 5 ஒன்று மட்டும் என்றால் போதும், கூடவே எக்ஸ்பாக்ஸும் இருந்தால் திண்டாட்டம். அதேபோல 'மோஷன் ரேட்' என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், பேனலின் அசல் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள், இந்த விலையில் 120-க்குக் குறைந்தால் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து இரண்டு மாடலாகக் குறைத்த பிறகு கடைக்குப் போங்கள். பட அமைப்பைக் கண்ணைப் பறிக்கும் விவிட்டில் இருந்து, எடுத்த படத்தை அப்படியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோடுக்கு, அது இல்லாத டிவியில் சினிமா மோடுக்கு, மாற்றச் சொல்லுங்கள். இருட்டான காட்சியில் வெள்ளை சப்டைட்டில் ஓடும் ஏதாவது ஒன்றைப் போடச் சொல்லி எழுத்தைச் சுற்றி ஒளி கசிகிறதா என்று பாருங்கள், மினி எல்இடியின் தரம் அங்கேயே தெரிந்துவிடும். முக்கியமாக, செட்டாப் பாக்ஸில் சாதாரண எஸ்டி சேனல் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், வீட்டில் அம்மா பார்க்கப்போவது அதைத்தானே. மங்கலான படத்தைத் தேற்றிக் காட்டுவதில் நான் பார்த்த வரை சோனிதான் முன்னால் நிற்கிறது.

நாள் முழுக்க ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்றே சொல்வேன், சேனல் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதியலாம். மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் நம் வீடுகளில் இருக்கும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ராத்திரி படுக்கும்போது சுவர் ஸ்விட்சையும் சேர்த்து அணைக்கிறோம் இல்லையா, ஓஎல்இடி தன் திரையைச் சரிசெய்துகொள்ளும் வேலை ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் நடக்கிறது. இடி மின்னல் நாளில் பிளக்கைப் பிடுங்குங்கள், மற்ற நாளில் ரிமோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.