மூங்கில் காட்டு நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாப்சிலிப், பரளிக்காடு, சத்தியமங்கலம் என்று மூங்கில் காட்டுப் பக்கம் போகிறவர்கள் மனசு லேசாக வேண்டும் என்றுதான் கிளம்புகிறார்கள். போனதும் முதல் வேலையாகக் காதில் இயர்போன், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் பாட்டு. மூங்கில் காட்டின் சுகமே காதுக்குத்தான். காற்றடித்தால் கழிகள் உரசிப் பழைய கதவு மாதிரி கிறீச்சிடும். மேலே இலை சலசலக்கும். ஜப்பானில் கியோட்டோவின் சாகானோ மூங்கில் தோப்பின் காற்றோசையை, காக்க வேண்டிய 100 ஓசைகளில் ஒன்றாக அந்நாட்டு அரசே 1996-இல் சேர்த்தது.

நம் பக்கம் காதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூங்கில் யானைக்குப் பிடித்த தீனி. புதருக்குள் பத்தடியில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கழி 'படீர்' என்று முறிகிற சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். கேட்டால் எட்டிப் பார்க்காமல் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் நுழைவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

அடுத்தது, கழியில் பேர் செதுக்குவது. மூங்கில் புல் இனம். வேம்பு, புளி போல ஆண்டுக்காண்டு பருக்காது. முளைக்கும்போது என்ன பருமனோ கடைசிவரை அதேதான். அதனால் புதுப் பட்டை வளர்ந்து காயத்தை மூடாது. கீறல் கழி சாகிறவரை இருக்கும். மழைக்காலத்தில் குருத்தை ஒடித்துப் பார்ப்பதும் அப்படித்தான்: ஒரு முழுக் கழி போச்சு. குருத்தின் மேல்தோகையில் சுணை வேறு. தொட்ட கை அரித்துக்கொண்டே இருக்கும்.

மாசி முதல் சித்திரை வரை தரையெல்லாம் காய்ந்த சருகு. ஒரு பீடித் துண்டு போதும்.

'மரங்களைவிட 35 சதவீதம் அதிக ஆக்சிஜன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிப் பரப்பாதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மூங்கிலுக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையும் இல்லை. அதன் வேர்ப்பின்னல் ஓடைக்கரை மண்ணை இறுகப் பிடிக்கிறது, சருகு ஈரத்தைக் காக்கிறது. கரியமில வாயு கணக்கில் தோட்டத்து மூங்கிலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: முற்றிய கழியை வெட்டி ஏணியாகவோ கூரையாகவோ ஆக்கினால் அதிலுள்ள கார்பன் நெடுநாள் தங்கும், மட்கவிட்டால் காற்றுக்கே திரும்பிவிடும்.

புதர் மொத்தமும் பூத்துக் காய்ந்து நின்றால் காடு நோயில் அழிவதாக நினைக்க வேண்டாம். முள் மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, அரிசி கொட்டிவிட்டுச் சாகும். அந்த அரிசியைப் பை நிறையக் கூட்டி அள்ளி வராதீர்கள். அடுத்த மூங்கில் அதிலிருந்துதான் முளைக்க வேண்டும்.