மின்சாரம் நின்றால் தண்ணீர் எங்கே போகும்? கடல்நீர்த் தொட்டிக் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கடல்மீன் பகுதியின் முன் நின்று பேசும் புதியவர்கள் விளக்கைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவார்கள். குழாயைப் பற்றிக் கேட்டால், "அதை பிளம்பர் பார்த்துக்கொள்வார் சார்" என்று முடித்துவிடுவார்கள். பவளத் தொட்டிக்கான கருவிகளைக் கடையில் வாங்கினால் கையைக் கடிக்கும் என்பதால் கீழ்த்தொட்டி (மீன்தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி), தானாக நீர் நிரப்பும் அமைப்பு என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய இறங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் எல்லோரும் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக வந்து விழுகிறார்கள். உப்பை அளக்காமல் கொட்டுவது, ஒரே நாளில் பத்து மீன் விடுவது போன்றவற்றைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

பம்ப் ஓடும்போது மட்டும் சரியாக இருக்கும் கீழ்த்தொட்டி

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், பணம் செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய தவறு இது. செய்துவிட்டால் ஆகும் செலவோ பெரிது.

கீழ்த்தொட்டியிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. மின்சாரம் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கிறது. குழாயின் வாய் காற்றைத் தொடும்வரை அது நிற்காது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் சுமார் 5.4 லிட்டர். குழாயின் வாய் 8 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 43 லிட்டர் கீழே வரும். ஸ்கிம்மரில் நிற்கும் தண்ணீர் தனி. கீழ்த்தொட்டி 90 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் என்றால், இதைத் தாங்க ஏறத்தாழ 14 செ.மீ. உயரம் காலியாக இருக்க வேண்டும்.

அம்பத்தூரில் ஒரு தம்பி வெறும் 5 செ.மீ. விட்டிருந்தார். நள்ளிரவில் மின்வெட்டு. கிட்டத்தட்ட 27 லிட்டர் உப்புத் தண்ணீர் பிளைவுட் அலமாரி வழியாகத் தரைக்குப் போனது. விடிந்ததும் கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஈரம் என்று கதவைத் தட்டினார். கதை அதோடு முடியவில்லை. மின்சாரம் திரும்பியதும் பம்ப் மேல்தொட்டியை நிரப்பியது. கீழே மட்டம் குறைந்தது. மட்டம் குறைந்தால் தண்ணீரைத் திறந்துவிடும் மிதவை, அதாவது ஃப்ளோட் சுவிட்ச், அதை ஆவியாகிப் போன தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, 50 லிட்டர் கேனிலிருந்து அத்தனைக்கும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியது. மொத்தம் 300 லிட்டர் உள்ள அமைப்பில் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பளவு ஒரே இரவில் 32க்கு இறங்கிவிட்டது. அலமாரியின் அடிப்பலகை உப்பிப்போய் இனி கதவு மூடாது. "செக் வால்வு போட்டிருந்தேனே அண்ணா" என்றார் அவர்.

தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய அந்த செக் வால்வைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே மூடியின் ஓரமெங்கும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, நடுவில் ஒரு சிறு குழாய்ப்புழு கூடு கட்டியிருந்தது. மூடி பாதியில் நின்றுவிட்டது. பவளம் வளர்வதற்காக நாமே கால்சியம் சேர்க்கும் தண்ணீரில் வால்வு மட்டும் சுத்தமாக இருக்குமா? சைஃபனை நிறுத்தக் குழாயில் போடும் காற்று ஓட்டையும் அப்படித்தான்: பாசி அடைக்கும், நத்தை வந்து உட்காரும். இரண்டையும் போடுங்கள், நம்பாதீர்கள்.

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்தால் 43 லிட்டர் 11 ஆகிவிடும். உப்புப் போடும் முன், சாதாரணத் தண்ணீரை நிரப்பி பம்ப்பை ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். கீழ்த்தொட்டி விளிம்புவரை வராமல் நிற்கும் மட்டத்தைப் பிடித்து, மீண்டும் ஓடவிட்டு அப்போதைய மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் எந்நாளும் நிரப்பக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாயைப் பாசியோ, நகர்ந்து வந்த கடல் அனிமோனோ அடைத்தால், கீழ்த்தொட்டியின் பம்ப் அறையில் உள்ள தண்ணீர் மொத்தமும் மேலே ஏறி வழியும். எனவே பம்ப் அறையின் கொள்ளளவு, மேல்தொட்டியில் விளிம்புவரை உள்ள காலியிடத்தைவிடக் குறைவாக இருக்கட்டும்.

"வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது" என்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

ஒற்றை ஃப்ளோட் சுவிட்ச்

உப்புப் பொருக்கு ஏறினால் சிக்கிக்கொள்ளும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டைத் தொடராக இணையுங்கள். அதைவிட முக்கியம், கேனைச் சிறிதாக வைப்பது. 10 லிட்டர் கேன் முழுவதும் கொட்டினாலும் 300 லிட்டர் அமைப்பு தாங்கும். தினமும் நிரப்பச் சோம்பல் என்று பெரிய டிரம் வைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பித்தளை

ஒரு நிப்பிள்கூட வேண்டாம். அதில் இருக்கும் செம்பு கரைந்தால் இறாலும் நத்தையும் முதலில் போகும்.

துருப்பிடிக்காத எஃகு

துருப்பிடிக்கும். நைலான் போல்ட் வாங்குங்கள்.

சிலிகான்

குளியலறைக்கென்று விற்கும் சிலிகானில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். அது தொட்டிக்கு ஆகாது. மீன்தொட்டிக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கி, புளிப்பு வாசனை முழுவதும் போன பிறகே தண்ணீர் விடுங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய பவளக்கல்

வடிகட்டிக்கு மலிவாக இருக்கும் என்று இராமேஸ்வரம் போய்வரும்போது பையில் போட்டு வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். செத்த பவளம்தானே என்ற வாதமும் எடுபடாது.

சத்தம் வந்த பிறகு பம்ப்பைத் திறப்பது

சத்தம் வரும்போது உள்ளே சுழலும் இறக்கையான இம்பெல்லரின் அச்சு தேய்ந்திருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி, வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள். படிந்த சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அப்போதே செக் வால்வையும் கழற்றிக் கழுவலாம். அதற்கு இருபுறமும் திருகிக் கழற்றக்கூடிய யூனியன் இணைப்பு போட்டிருக்க வேண்டும். சால்வென்ட் பூசி நிரந்தரமாக ஒட்டியவர்கள் ரம்பத்தைத் தேடுவார்கள்.

மின் இணைப்பு

மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். நீட்டிப்புப் பலகையைக் கீழ்த்தொட்டி அலமாரிக்குள் தரையில் வைப்பவர்களுக்கு அம்பத்தூர்த் தம்பியின் எண்ணைத் தருகிறேன்.