கடற்கரைச் சுற்றுலாவில் சாப்பிட இடம் தேடும்போது எங்கே தவறுகிறோம்

பசி வந்த பிறகு உணவகம் தேடுவது. கடற்கரைச் சுற்றுலாவில் சாப்பாட்டு விஷயத்தில் நடக்கும் மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளைக்குப் பசி மெதுவாக வராது, திடீரென்று வரும், வந்தால் அழுகையோடு வரும். உடம்பெல்லாம் மணல், துணி ஈரம், பெரியவர்களுக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்ற நிலை. அந்த நேரத்தில் மெனுவைப் பார்த்து, விலையைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து முடிவெடுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? கண்ணில் பட்ட முதல் கடையில் நுழைந்துவிடுவோம். கடற்கரை வாசலில் இருக்கும் பல கடைகள் ஓடுவதே இந்தப் பலவீனத்தை நம்பித்தான்.

போய் இறங்கிய அன்றே, எல்லாருக்கும் வயிறு நிறைந்திருக்கும்போது, ஒருவர் மட்டும் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் போதும். இரண்டு மூன்று இடங்களை மனதில் குறித்துக்கொள்ளலாம், சமையலறை எப்போது மூடுவார்கள் என்றும் அப்படியே கேட்டுவிடலாம். சுற்றுலா ஊர்கள் பலவற்றில் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குக் கடலிலிருந்து ஏறி, குளித்து, உடை மாற்றி வரும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் கிடைப்பது பொட்டலத் தீனிதான். இது தெரிந்தால் அன்றைக்குக் குளியலை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளலாம். பையில் சாப்பிட ஏதாவது கொஞ்சம் இருப்பதும் நல்லது, பிள்ளையின் அழுகை உங்களுக்காக முடிவெடுக்காமல் இருக்கும்.

அடுத்தது, காட்சிக்கு மயங்குவது. கடலைப் பார்த்த மேசை என்றால் அந்த இடத்தின் வாடகையும் உங்கள் பில்லில்தான் ஏறும், போதாததற்கு அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் திரும்பி வரப்போவதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். எல்லாக் கடலோரக் கடைகளும் மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் அங்கே போய் ஆளுக்கு ஒரு குளிர்பானம் குடியுங்கள், சாப்பாட்டுக்கு இரண்டு தெரு உள்ளே நடங்கள்.

கூட்டத்தைப் பார்த்து நம்புவதும் பாதிதான் சரி. யார் கூட்டம் என்று பார்க்க வேண்டும். சுற்றுலாப் பேருந்து மொத்தமாக இறக்கிவிட்ட கூட்டம் எதையும் நிரூபிக்காது, பேருந்தை எங்கே நிறுத்துவது என்று வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வேலை நாளின் மதியத்தில் பக்கத்துக் கடைக்காரர்களும் ஊர்க் குடும்பங்களும் வந்து சாப்பிடுகிறார்களா? அது கணக்கில் வரும்.

சரி, இணையத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துத்தானே போகிறோம் என்பீர்கள். கடற்கரை ஊர்களில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும் சீசனுக்கு மட்டும் வருபவர்கள், போன வருடம் புகழப்பட்ட கை இந்த வருடம் அந்த அடுப்பில் இல்லாமல் போகலாம். அதனால் சராசரி மதிப்பெண்ணை விட்டுவிட்டு, விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். என்னைக் கேட்டால் ஐந்து நட்சத்திரப் புகழையும் ஒரு நட்சத்திரக் கோபத்தையும் தாண்டிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படிப்பேன், அவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று நிதானமாக எழுதுகிறார்கள். படங்களிலும் கடை போட்டதைவிட வாடிக்கையாளர் எடுத்த மங்கலான படமே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஆளிடம் கேட்பதிலும் ஒரு விஷயம். “இங்கே நல்ல ஹோட்டல் எது?” என்று கேட்டால், வெளியூர்க்காரர்களுக்கென்று தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும், சில நேரம் அதில் கமிஷனும் இருக்கும். “நீங்கள் வீட்டாரோடு வெளியே சாப்பிடப் போனால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். விடுதி வரவேற்பு மேசையில் இருப்பவரைவிட அறையைச் சுத்தம் செய்ய வருபவர், மீன் இறங்கும் இடத்தில் நிற்பவர் ஆகியோரின் பதில் பெரும்பாலும் உபயோகமாக இருக்கும்.

இப்போது மீனுக்கு வருவோம், ஏனென்றால் பணமும் உடம்பும் அதிகம் கெடுவது இங்கேதான். கடல் பக்கத்தில் இருக்கிறது, அதனால் மீன் புதிது என்று நினைத்துக்கொள்கிறோம். காற்று பலமாக இருந்தால் படகு போகாது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் பல நாடுகளில் பிடிக்கவே தடை இருக்கும். அந்த நாட்களிலும் கடையில் மீன் இருக்கும், உறைய வைத்தது. உறைந்த மீன் ஒன்றும் குற்றமில்லை, சரியாகக் குளிரில் இருந்தால் நன்றாகவே இருக்கும். பயப்பட வேண்டியது குளிர் போதாமல் வெளியே கிடந்த மீனுக்குத்தான்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை பிடித்த பிறகு குளிரில் இல்லாவிட்டால் அவற்றில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அதன் பிறகு வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும், பலர் இதை மீன் அலர்ஜி என்றே நினைத்துவிடுகிறார்கள். வாயில் வைத்ததும் மிளகு போலச் சுருக்கென்று காரம் தெரிந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடுங்கள், ஆனால் ருசியில் எதுவுமே தெரியாமலும் போகலாம். முழு மீனைக் காட்டும் கடை என்றால் கண் தெளிவாக, புடைத்து இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழுகிறதா என்று பாருங்கள். “இன்று என்ன வந்தது?” என்று கேட்டால் இரண்டு மூன்று பெயர் சொல்பவரை நம்பலாம். எல்லாமே இன்று வந்ததுதான் என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை.

பச்சைச் சிப்பியைக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. சிப்பி கடல்நீரை வடிகட்டி உண்ணும் உயிர், நீரில் இருக்கும் கிருமியும் பாசிநஞ்சும் அதற்குள் சேரும். கிருமியைச் சமைத்துக் கொல்லலாம், பாசிநஞ்சைச் சமைத்துப் போக்க முடியாது. அதனால் சிப்பி எடுக்கத் தடை போட்டிருக்கும் கரையில் பொழுதுபோக்காகப் பொறுக்கிச் சமைப்பதும் வேண்டாம்.

விலைப்பட்டியலில் எண் இல்லாமல் “சந்தை விலை” என்று போட்டிருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். எடை முழு மீனுக்கா, சுத்தம் செய்த பிறகா, சமையல் கூலி தனியா, வரி சேர்த்தா? அடுப்புக்குப் போகும் முன் உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு சண்டை போட்டு ஜெயித்தவர் குறைவு.

குடும்பம் என்றால் ஒருவர் மீனே தொடமாட்டார், இன்னொருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. “இறால் வேண்டாம்” என்பது விருப்பமாகக் காதில் விழும், “இறால் பட்டாலே மூச்சுத் திணறும்” என்று சொன்னால்தான் சமையலறை வரை போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் உணவகங்களும் 14 அலர்ஜிப் பொருட்களைப் பற்றித் தெரிவித்தாக வேண்டும், மீன், இறால் வகை, சிப்பி வகை மூன்றும் அதில் உண்டு. ஆனாலும் ஒரே எண்ணெயில் இறாலையும் உருளைக்கிழங்கையும் பொரிக்கிறார்களா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பஃபே என்றால், சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெர்மாமீட்டரோடு போக முடியாதுதான். ஆவி பறக்கிறதா என்று பார்க்கலாமே. திறந்த உடனே போனால் இன்னும் நல்லது. ஐஸ் கிருமியைக் கொல்லாது, குடிக்கத் தயங்கும் தண்ணீர் என்றால் அந்த ஐஸும் வேண்டாம்.

அப்புறம், ஒவ்வொரு வேளையும் புது இடம், புது ருசி என்று அலைவது. ஒரு கடை எல்லாருக்கும் பிடித்துவிட்டால் மறுநாளும் அங்கேயே போகலாம். எதைக் கேட்க வேண்டும், பரிமாற எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும், பிள்ளைக்குக் காரம் குறைக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். சனி ஞாயிறு என்றால் மட்டும் முதல் நாளே மேசைக்குச் சொல்லி வையுங்கள், முடிந்தால் கூட்டம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள்.