மரத்தைச் சீவாமல் பிய்த்த மடக்குக் கத்தி

மரக்கரண்டி ஒன்று செதுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கையில் இருந்தது பாதி நேர்விளிம்பு, பாதி ரம்பப்பல் வைத்த மடக்குக் கத்தி. செதுக்கும்போது பிடியை ஒட்டிய பகுதியில்தான் கைக்குப் பலம் கிடைக்கும். பல் இருந்ததோ அங்கேதான். சீவல் சுருண்டு வருவதற்குப் பதில் மரம் நார்நாராகப் பிய்ந்தது. கயிறு அறுக்கத்தான் அந்தப் பல் லாயக்கு.

சரியென்று முழு நேர்விளிம்புக் கத்தியை எடுத்தேன். காகிதத்தை அழகாக வெட்டியது. மரத்தில் வைத்தால் வழுக்கியது, அழுத்தினால் திடீரென ஆழமாக இறங்கியது. கூர் போதவில்லை என்று நினைத்துத் தீட்டிக்கொண்டே இருந்தேன், மடத்தனம்! வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் விளிம்பை ஒட்டி மெல்லிய கோடாக இன்னொரு சரிவு தெரிந்தது. பக்கத்துக்கு 20 டிகிரிக்கு மேல் இருக்கும். கத்தியை அவ்வளவு தூக்கினால்தான் விளிம்பே மரத்தைத் தொடும்.

சொரசொரப்பான சாணைக்கல்லில் கத்தியை இன்னும் படுக்கவைத்து, 13 டிகிரி அளவுக்குத் தேய்த்தேன். சரிவில் மார்க்கர் மை பூசிக்கொண்டால் எங்கே தேய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு நுண்கல்; கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் மெருகுப்பசை தடவி, கூர் பின்னால் வரும்படி இழுத்தேன். ஒரு சாயங்காலம் போயிற்று. அடுத்த சீவல் முழு நீளத்துக்குச் சுருண்டு விழுந்தது.

இவ்வளவு மெல்லிய விளிம்பு கணுவில் பட்டால் சில்லு தெறிக்கும். கணு வந்தால் முதலில் எடுத்த மடக்குக் கத்தியையே எடுக்கிறேன்.