டிரா.ஐஓ-வில் சொந்தமாக ஒரு சின்னத் தட்டு

படம் வரைய உட்காரும்போதெல்லாம் பழைய கோப்பைத் திறந்து, அதிலிருந்து சின்னங்களைக் காப்பி எடுத்து ஒட்டுகிறீர்களா? அடிக்கடி தேவைப்படுபவற்றை ஒரு தட்டில் போட்டு வைத்துவிட்டால் இழுத்துப் போடுவதுதான் வேலை. டிரா.ஐஓ (draw.io) என்ற வரைபட மென்பொருள் இலவசம் என்பதால் அதிலேயே செய்து பார்ப்போம்.

1. முதலில் சின்னத்தைச் சரிசெய்யுங்கள்

பலரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் இடம் இது. பெட்டி, கோடு, எழுத்து எனப் பல துண்டுகளால் ஆன சின்னம் என்றால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + ஜி அழுத்தி ஒரே குழுவாக்குங்கள். இல்லாவிட்டால் படத்தில் நகர்த்தும்போது பெட்டி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து போகும்.

அடுத்தது அளவு. கட்டக்கோடுகளின் இடைவெளி வழக்கமாக 10 புள்ளி. சின்னத்தின் அகலம், உயரம் இரண்டையும் 40, 60, 80 என்று 20-இன் மடங்காக வையுங்கள். 40-இன் பாதி 20. மையம் கட்டக்கோட்டின் மேலேயே விழும். 50 என்றால் பாதி 25. அதை 40 அளவுச் சின்னத்தோடு இணைத்தால் கோட்டில் சின்னதாக ஒரு மடிப்பு விழும். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

2. ஸ்கிராட்ச்பேடில் போட்டுப் பாருங்கள்

இடப்பக்கப் பலகத்தில் மேலே இருக்கும் ஸ்கிராட்ச்பேடுக்குள் சின்னத்தை இழுத்து விடுங்கள். ஆனால் இது தற்காலிக இடம்தான். பிரவுசரில் வேலை செய்தால் இது பிரவுசரின் நினைவகத்தில்தான் இருக்கும். அந்தத் தரவை அழித்தால் சின்னங்களும் போய்விடும்.

3. லைப்ரரியாகச் சேமியுங்கள்

நிலையான தட்டுக்கு டிரா.ஐஓ-வில் லைப்ரரி என்று பெயர். ஃபைல் → நியூ லைப்ரரி → டிவைஸ். திறக்கும் சாளரத்தில் சின்னங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுங்கள். 'சின்னம் 1' என்றெல்லாம் வேண்டாம். 'சுவிட்ச் – 24 போர்ட்' என்பதுபோல் இருக்கட்டும். சேமித்தால் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். வேறு கணினியில் ஃபைல் → ஓபன் லைப்ரரி ஃப்ரம் → டிவைஸ் வழியாக அதைத் திறந்துகொள்ளலாம்.

4. எப்படிப் பிரிப்பது?

வட்டம் எல்லாம் ஒரு தட்டு, சதுரம் எல்லாம் ஒரு தட்டு என்று உருவத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒரே படத்தில் சேர்ந்து வருபவை ஒரே தட்டில் இருக்கட்டும். எல்லாப் படத்திலும் வரும் தலைப்புப் பெட்டி, விளக்கக் குறிப்பு போன்றவற்றுக்குத் தனியாக ஒன்று. ஒரு தட்டில் பதினைந்து, இருபது சின்னங்களுக்கு மேல் போனால் தேடுவதிலேயே நேரம் போகிறது என்பது என் கணக்கு. தேவைப்படாத ஆயத்தத் தொகுப்புகளை 'மோர் ஷேப்ஸ்' பொத்தானில் போய் டிக் எடுத்துவிட்டால் பலகமும் காலியாகும்.

ஒரு எச்சரிக்கை

தட்டிலிருந்து இழுத்துப் போடுவது வெறும் நகல். பிறகு தட்டில் இருக்கும் சின்னத்தின் நிறத்தை மாற்றினாலும் ஏற்கெனவே வரைந்த படங்கள் மாறாது. மைக்ரோசாஃப்டின் வரைபட மென்பொருளான விசியோவில் அப்படியல்ல, அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்டென்சிலில் (சின்னத் தொகுப்பில்) மூலச் சின்னத்தைத் திருத்தினால், அந்தப் படத்தில் உள்ள பிரதிகளும் மாறும். டிரா.ஐஓ-வில் அந்த வசதியை எதிர்பார்க்காமல், நிறத்தையும் கோட்டுத் தடிமனையும் முதல் படியிலேயே முடிவு செய்துவிடுங்கள்.