பார்ட் கற்க ரெக்கார்டிங் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

கொயரில் (பல குரல்கள் சேர்ந்து பாடும் குழுவில்) புதுப் பாட்டைக் கையில் கொடுத்து, "அடுத்த வாரத்துக்குள் அவரவர் பார்ட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். பார்ட் என்றால் ஒரே பாட்டில் ஒவ்வொரு குரலும் பாட வேண்டிய தனி வரி; மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று குரல்கள் பிரியும். வீட்டுக்கு வந்ததும் கை தானாக யூடியூபுக்குப் போகும். 'ஆவே வேரும் கோர்புஸ்' என்று தட்டினால் பெரும்பாலும் மோட்சார்ட் 1791-இல் எழுதியதுதான் முதலில் வந்து நிற்கும். நீங்கள் பாடப்போவதோ வில்லியம் பேர்ட் 1605-இல் அச்சிட்டது. லத்தீன் வரிகள் ஏறக்குறைய ஒன்றுதான், இசைக்குத்தான் ஒட்டுமில்லை உறவுமில்லை. 'ஓ மாக்னும் மிஸ்தேரியும்' கதையும் இதேதான். விக்தோரியாவின் 1572 பாட்டைத் தேடினால் மார்ட்டன் லாரிட்சனின் 1994 பாட்டு வரும். போதாததற்கு விக்தோரியாவே தன் பாட்டிலிருந்து அதே பெயரில் ஒரு திருப்பலி இசையையும் ஆக்கியிருக்கிறார். ஆகவே தேடும்போது இசையமைப்பாளர் பெயர், எத்தனை குரல் என்ற இரண்டையும் சேர்த்தே தட்ட வேண்டும். பேர்ட் மூன்று, நான்கு, ஐந்து குரல்களுக்கு என்று மூன்று தனித்தனித் திருப்பலிகள் எழுதியவர். 'பேர்ட் மாஸ்' என்று மட்டும் தேடினால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தத் தவறு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுருதியில் நடக்கும் தவறு அப்படியல்ல, ஒத்திகைக்குப் போய் நின்ற பிறகுதான் தெரியும்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் 'ஏ' சுரம் என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று எந்த ஒப்பந்தமும் கிடையாது. துணை வாத்தியம் இல்லாமல் பாடும்போது, குழுவில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத் தோதான இடத்தில் தொடங்கினார்கள். உயரமான கிளெஃப்களில் (வரியின் தொடக்கத்தில் சுரங்களின் இடத்தைக் காட்டும் குறிகள்) எழுதப்பட்ட பாட்டுகளை ஒரு நாலு, ஐந்து சுரம் இறக்கிப் பாடும் வழக்கமும் இருந்தது. அதனால் இன்றைய பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் தமக்குச் சரியென்று பட்ட சுருதியில் அச்சிடுகிறார். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், டியூடர் கால (பதினாறாம் நூற்றாண்டு) இசையை எழுதியிருப்பதைவிட மூன்று அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்) உயர்த்திப் பாட வேண்டும் என்ற கருத்து பலமாக இருந்தது. அந்த வழியில் வந்த ரெக்கார்டிங்குகள் இன்றும் ஏராளம். கேட்பதற்கு அற்புதமாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கேட்டே மனப்பாடம் செய்தால் தொண்டை அந்த உயரத்துக்குப் பழகிவிடும். நான் டெனர். ஒருமுறை இப்படித்தான் முழுப் பாட்டையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனேன். குழு தொடங்கிய சுருதியில் என் குரல் ஒவ்வொரு வரியிலும் தட்டுத்தடுமாறியது. பாட்டே தெரியாமல் வந்தவர் என்னைவிட நன்றாகப் பாடினார்!

முதலில் தாள், அப்புறம்தான் ஒலி. உங்கள் நோட்டில் முதல் சுரம் என்ன, பதிப்பு யாருடையது என்று பார்த்துவிட்டு, ரெக்கார்டிங்கின் முதல் சுரத்தைக் கீபோர்டில் ஒத்துப் பாருங்கள். 1998-இல் தொடங்கிய சிபிடிஎல் என்ற இணைய நூலகத்தில் ஒரே பாட்டுக்குப் பல பதிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. ஒரு பதிப்பின் வரிசையில் கிடக்கும் மிடி கோப்பு (நோட்டைக் கணினியே வாசித்துக் காட்டும் கோப்பு) அந்தப் பதிப்புக்கு மட்டுமே உரியது. மேல் வரிசையில் நோட்டையும் கீழ் வரிசையில் மிடியையும் இறக்கிக்கொண்டு, 'தளத்தில் தப்பு இருக்கிறது' என்று குறைசொல்வோர் உண்டு.

அடுத்தது, குரலின் பெயரை நம்புவது. பாலஸ்திரீனாவின் 'மிஸ்ஸா பாப்பே மார்செல்லி' ஆறு குரல். அதில் டெனர் இரண்டு, பாஸ் இரண்டு. 'டெனர்' என்று மட்டும் போட்டிருக்கும் பயிற்சிக் கோப்பு எந்த டெனர் என்று பார்க்காமல் ஒரு வாரம் உழைத்தால் அது பக்கத்தில் நிற்பவருக்கான உழைப்பாகிவிடும். தாலிஸின் 'ஸ்பெம் இன் ஆலியும்' நாற்பது குரல். அதில் உங்கள் பார்ட்டை வழக்கமான ரெக்கார்டிங்கிலிருந்து காதால் பிரித்தெடுக்க நினைப்பது வீண்வேலை.

மிடி பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. சிலர் அதைக் காது கொடுத்தே கேட்பதில்லை. சிலர் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். சுரமும் காலக்கணக்கும் பிடிபட மிடியைப் போல உதவுவது வேறில்லை, மற்ற குரல்களைக் குறைத்து உங்களுடையதை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் மிடிக்கு மூச்சும் கிடையாது, சொல்லும் கிடையாது. பாலஸ்திரீனா காலத்துப் பாடகர் கையில் இருந்தது அவருடைய பார்ட் மட்டும்தான், அதில் தாளக்கோடுகள் இல்லை. அழுத்தம் சொல்லில்தான் விழுந்தது. மிடியைக் கேட்டு வளர்ந்தவர் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குத்து விடுவார். மேஜர் மூன்றாம் சுரமும் (நம் அந்தர காந்தாரம்) கவனிக்க வேண்டியது. இயல்பாக ஒத்திசையும் மூன்றாம் சுரத்தைவிடக் கீபோர்டின் சுரம் ஏறக்குறைய 14 சென்ட் உயரம் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). நல்ல குழுவில் அந்தச் சுரத்தைப் பாடுபவர் சற்றே இறக்கி வைப்பார். அதை மிடியிடம் கற்க முடியாது. இங்கே நல்ல குழுவின் ரெக்கார்டிங்தான் துணை.

மிடியைத் தேவையில்லாமல் சந்தேகிப்பதும் நடக்கிறது. பேர்டின் அதே 'ஆவே வேரும்' ஜி மைனரில் அச்சான பதிப்பில், தொடக்கத்திலேயே சோப்ரானோ எஃப் ஷார்ப் (எஃப்-ஐவிட அரைச்சுரம் மேல்) பாட, அடுத்த கணமே பாஸ் வெறும் எஃப் பாடும். முதன்முறை கேட்பவருக்குக் கோப்பு கெட்டுவிட்டது போலத் தோன்றும். பேர்ட் வேண்டுமென்றே வைத்த உரசல் அது. நோட்டில் இருந்தால் அப்படியே பாடுங்கள்.

தன் பார்ட்டை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகுவதும் பின்னால் சங்கடம் தரும். பாலஸ்திரீனாவின் 'சிக்குத் செர்வுஸ்' பாட்டில் டெனர்தான் முதலில் தொடங்கும், அப்புறம் ஆல்டோ, சோப்ரானோ, கடைசியில் பாஸ். பாஸ் பாடுபவர் தன் கோப்பை மட்டும் கேட்டால் முதலில் வருவது வெறும் மௌனம், எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மற்ற மூவரைக் கேட்டுப் பழகினால் எண்ணவே வேண்டாம், நுழைய வேண்டிய இடம் காதுக்கே தெரியும். சுரம் பிடிபட்டதும் உங்கள் குரலைக் குறைத்து, கடைசியில் அதை நிறுத்திவிட்டு, காலியான இடத்தில் பாடிப் பாருங்கள்.

உச்சரிப்பில் குழுவுக்குக் குழு வழக்கம் மாறும். அந்த 'செர்வுஸ்' இத்தாலிய முறையில் 'அச்சு' என்பதில் வரும் ச்ச ஒலியோடு தொடங்கும், ஜெர்மன் குழு பாடினால் 'ட்ஸெர்வுஸ்'. 'ஆக்னுஸ்' இத்தாலிய வாயில் 'ஆன்யுஸ்' ஆகும். இயக்குநரிடம் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டு நானூறு ஆண்டுப் பழசு என்பதால் ரெக்கார்டிங்கும் பொதுச் சொத்து என்று நினைத்து வாட்ஸ்அப்பில் பரப்புபவர்கள் இருக்கிறார்கள். பதிவுக்குத் தனி உரிமை உண்டு, புதிய பதிப்புக்கும் பல இடங்களில் உண்டு.

என்ன தேடியும் உங்கள் பதிப்புக்குப் பொருத்தமானது அகப்படவில்லையா? இயக்குநரிடம் அனுமதி வாங்கி ஒத்திகையையே கைபேசியில் பதிவு செய்யுங்கள். கைபேசியை உங்கள் காலடியில் வைக்காதீர்கள், உங்கள் குரலும் பக்கத்து டெனர் குரலும்தான் பதிவாகும். இயக்குநரின் மேசையில் வையுங்கள்.